98 சதவீதம் என்றால் எதில் 98? மண்ணையும் தார்க்கலவையையும் இறுக்கும் ஆய்வகக் கருவிகள்

சென்னையில் ஒரு சாலை போடப்படும்போது ஒப்பந்ததாரரின் கோப்பில் தவறாமல் ஒரு தாள் இருக்கும். 'கள இறுக்கம் 98 சதவீதம்' என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். படிப்பவர்களில் பலர், மண்ணில் 98 பங்கு மண், மீதி 2 பங்கு காற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. ரோலர் ஓடி முடித்த இடத்தில் கிடைத்த உலர் அடர்த்தியை (ஈரத்தின் எடையைக் கழித்துவிட்டுப் பார்க்கும் மண்ணின் அடர்த்தி), அதே மண்ணை ஆய்வகத்தில் இடித்தபோது கிடைத்த உச்ச உலர் அடர்த்தியால் வகுத்தால் வருவதுதான் அந்தச் சதவீதம். களத்து எண்ணைப் பற்றி எல்லோரும் விவாதிக்கிறார்கள்: ரோலர் எத்தனை முறை ஓடியது, தண்ணீர் லாரி வந்ததா, மேற்பார்வையாளர் இருந்தாரா என்றெல்லாம். வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அபூர்வம். அதைத் தருவது ஆய்வக மூலையில் இருக்கும் ஓர் இரும்பு அச்சும், விழுந்து விழுந்து எழும் ஓர் எடையும். அந்தக் கருவி சரியில்லை என்றால் நல்ல சாலை மோசமானதாகத் தெரியும். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு: மோசமான சாலை நல்லதாகத் தெரியும்.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1928இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது கான்கிரீட் அணை. அதற்கு மாற்றாக பூக்கே கேன்யனில் மண் அணை கட்ட முடிவானபோது, கொட்டிய மண் போதுமான அளவு இறுகியிருக்கிறது என்பதை எதைக் கொண்டு உறுதிசெய்வது என்ற கேள்வி எழுந்தது. அந்த நகர நீர்த்துறையின் பொறியாளர் ரால்ஃப் ப்ராக்டர் 1933இல் 'இன்ஜினியரிங் நியூஸ் ரெக்கார்டு' இதழில் எழுதிய கட்டுரைத் தொடர் அதற்குப் பதில் சொன்னது. ஒரு மண்ணை ஒரே அளவு உழைப்பில் இறுக்கும்போது அதன் அடர்த்தியை முடிவுசெய்வது அதில் உள்ள தண்ணீர்தான். ஒரு குறிப்பிட்ட ஈரத்தில் அடர்த்தி உச்சத்தைத் தொட்டு, அதற்குமேல் தண்ணீர் சேரச் சேர இறங்கும். இன்றும் உலகம் முழுவதும் ஆய்வகங்களில் அந்தச் சோதனை அவர் பெயரிலேயே நடக்கிறது.

இந்தியாவில் இதற்கான விதி ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தரநிலைத் தொகுப்பின் 7ஆம், 8ஆம் பகுதிகளில் இருக்கிறது. முதலாவது இலகு இறுக்கம். 1000 கன செ.மீ. கொள்ளளவும் 100 மி.மீ. உள்விட்டமும் கொண்ட அச்சில் மூன்று அடுக்குகளாக மண்ணைப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் 2.6 கிலோ எடையால் 310 மி.மீ. உயரத்திலிருந்து 25 முறை இடிப்பது. இரண்டாவது கன இறுக்கம், அதாவது கனமான எடையால் இறுக்குவது. அச்சு அதே அளவுதான். ஐந்து அடுக்குகள், 4.9 கிலோ எடை, 450 மி.மீ. உயரம், அதே 25 இடி. ஆய்வகத்தில் அந்த எடையை ராம்மர் என்பார்கள். தளம் போடும் கொத்தனார் கையில் இருக்கும் திமிசுக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால், இது எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், எத்தனை முறை என்பது எழுதி வைக்கப்பட்டது.

அருகில் நின்று பார்த்தால் சோதனை எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. காயவைத்து, உடைத்து, 20 மி.மீ. சல்லடையில் சலித்த சுமார் 5 கிலோ மண் அகலமான தட்டில் கிடக்கும். அளவுக் குவளையிலிருந்து தண்ணீரைச் சுற்றித் தெளித்து, கட்டி எதுவும் நிற்காமல் கையால் பிசறுவார்கள். புட்டு மாவுக்குப் பதம் பார்ப்பதுபோலத்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வரைபடத்தில் அந்தப் பதத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில புள்ளிகள் வேண்டும் என்பதற்காகக் காய்ந்த நிலையிலேயே தொடங்குவார்கள். முதல் சுற்றில் ராம்மர் விழும்போது வறண்ட ஓசை வரும். மண் அச்சின் விளிம்பில் பொடிப்பொடியாக நிற்கும். ஈரம் கூடக்கூட ஓசை கனக்கும். உச்சத்தைத் தாண்டியதும் ராம்மரின் அடிப்பாகம் மண்ணில் ஒட்டத் தொடங்கும். ஓரிடத்தில் இடித்தால் பக்கத்தில் புடைக்கும். அதற்கு மேல் எத்தனை இடி இடித்தாலும் பயனில்லை. கடைசி அடுக்கு அச்சின் விளிம்பைவிடச் சற்றே, அதிகபட்சம் 6 மி.மீ., உயர்ந்து நிற்க வேண்டும். மேல் வளையத்தைக் கழற்றி, நேர்விளிம்புத் தகட்டால் சீவி, குழிகளைக் கட்டைவிரலால் நிரப்பி எடை போடுவார்கள். பிறகு மண்ணை வெளியே தள்ளி, நடுவிலிருந்து கொஞ்சம் எடுத்து 105 முதல் 110 டிகிரி சூட்டடுப்பில் ஓர் இரவு வைத்து ஈரத்தைக் கணக்கிடுவார்கள். இப்படி ஐந்தாறு புள்ளிகள் கிடைத்ததும் வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். அந்த மேட்டின் உச்சிதான் உச்ச உலர் அடர்த்தி; அதற்கு நேர் கீழே உள்ள ஈரம்தான் உகந்த ஈரப்பதம்.

மேடு ஏன் வருகிறது? மண் காய்ந்திருக்கும்போது துகள்களுக்கு இடையே உராய்வும், நுண்துளைகளில் இருக்கும் கொஞ்சநஞ்சத் தண்ணீரின் இழுவிசையும் அவற்றை நகர விடுவதில்லை. ஈரம் கூடும்போது அந்தப் பிடி தளர்ந்து துகள்கள் நெருங்குகின்றன, காற்று வெளியேறுகிறது. ஒரு கட்டத்தில் வெளியேற்ற முடிந்த காற்று தீர்ந்துவிடும். அதன்பின் சேரும் தண்ணீர், துகள் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரை இடித்துச் சுருக்க முடியாது. எனவே எந்த மண்ணாக இருந்தாலும் காற்றே இல்லாத நிலையைக் காட்டும் ஒரு கோடு வரைபடத்தில் உண்டு. எந்தப் புள்ளியும் அதைக் கடக்க முடியாது. ஓர் ஆய்வக அறிக்கை உண்மையானதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். புள்ளி கோட்டுக்கு அப்பால் விழுந்திருந்தால் கணக்கு தவறு, அல்லது சோதனையே நடக்கவில்லை.

இனி அந்த வகுக்கும் எண்ணுக்கு வருவோம். ஒரு கன மீட்டர் மண்ணுக்கு இலகு இறுக்கம் தரும் ஆற்றல் ஏறத்தாழ 593 கிலோஜூல்; கன இறுக்கம் தருவது ஏறத்தாழ 2700. நாலரை மடங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனமான விமானங்கள் இறங்கும் ஓடுதளங்களுக்கு ப்ராக்டரின் பழைய அளவு போதாது என்று அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் கூட்டியதுதான் இந்த வேறுபாட்டின் தொடக்கம். இதன் விளைவை எண்ணில் பார்த்தால்தான் புரியும். ஒரு மண்ணின் உச்ச உலர் அடர்த்தி, ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்ற கணக்கில், கன இறுக்கத்தில் 1.96, இலகு இறுக்கத்தில் 1.84 என்று வைத்துக்கொள்வோம். களத்தில் கிடைத்தது 1.80. முதல் எண்ணால் வகுத்தால் 91.8 சதவீதம், தோல்வி. இரண்டாவதால் வகுத்தால் 97.8 சதவீதம்; வெற்றி. மண் ஒன்று, ரோலர் ஒன்று, சாலை ஒன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, சாலையின் அடிமண்ணுக்கு 97 சதவீதமும் கரைமேட்டு மண்ணுக்கு 95 சதவீதமும் கேட்கிறது, அதுவும் கன இறுக்கத்தை வைத்து. எந்த இறுக்கம் என்று எழுதாமல் சதவீதத்தை மட்டும் சொல்லும் அறிக்கையை ஏற்கவே கூடாது.

கருவியின் உடல்நிலையும் இந்த எண்ணில் தெரியும். கையால் தூக்கி விடும் ராம்மரை, களைப்பில் 450 மி.மீ.க்குப் பதிலாக 400 வரை மட்டும் தூக்கினால் ஒவ்வோர் இடியிலும் ஒன்பதில் ஒரு பங்கு ஆற்றல் போய்விடும். அச்சை மர மேசை மேல் வைத்து இடித்தால் மேசை அதிர்ந்து ஒரு பங்கை விழுங்கும். அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். விதி இதற்காகவே 91 கிலோவுக்குக் குறையாத கான்கிரீட் கட்டையின் உறுதி அடியில் வேண்டும் என்கிறது. இரண்டு குறைகளுமே உச்ச அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். களச் சதவீதம் தானாக உயரும். அச்சு தேய்ந்தால் விளைவு எதிர்த்திசையில் போகும். 100 மி.மீ. விட்டம் அரை மி.மீ. கூடினால் கொள்ளளவு 1 சதவீதம் கூடும். பழைய 1000 என்ற எண்ணிலேயே வகுத்தால் அடர்த்தி 1 சதவீதம் அதிகமாக வரும். ஒழுங்காக வேலை செய்த ஒப்பந்ததாரர் காரணமில்லாமல் தண்டிக்கப்படுவார். அச்சில் தண்ணீர் நிரப்பி எடை பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது. இயந்திரத்தால் இயங்கும் தானியங்கி இறுக்கிகள் உயரத்தையும் எண்ணிக்கையையும் தாமே பார்த்துக்கொள்கின்றன. அச்சைச் சுற்றி இடியைச் சீராகப் பரப்புகின்றன. ஆனால் சங்கிலியோ கொக்கியோ தேய்ந்த தானியங்கி, கைக்கருவியைவிட ஆபத்தானது. தவறை அது அலுக்காமல், ஒரே சீராகச் செய்யும். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் யாருக்கும் ஐயமே வராது.

சென்னைக்கு வரும் மண் இந்தச் சோதனையை இன்னும் சிக்கலாக்குகிறது. கடலோரத்தில் சுத்தமான மணல், உள்பக்கம் பல இடங்களில் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண், பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் பாறை. மேடாக்குவதற்கு லாரியில் வரும் சவுடும் கிராவலும் வேறு. மண்ணுக்கு மண் நடைமுறை மாற வேண்டும். களிமண்ணில் தண்ணீர் ஊற்றியவுடன் இடிக்கக் கூடாது. மூடி வைத்து ஓர் இரவாவது ஊறவிட்டால்தான் ஈரம் உள்ளே பரவும். இடித்தால் நொறுங்கும் கிராவலை ஒரே தட்டு மண்ணாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு புள்ளிக்கும் புது மண் வேண்டும். இல்லையென்றால் ஐந்தாவது புள்ளியில் நாம் அளப்பது குவாரியிலிருந்து வந்த மண்ணை அல்ல, நாமே அரைத்த வேறொரு மண்ணை. கடற்கரை மணலில் ப்ராக்டர் மேடே தெளிவாக விழாது. அதற்கு அதிர்வு மேசை இருக்கிறது: உருளையில் மணலை நிரப்பி, மேலே எடை வைத்து, மேசையை அதிரவைத்து, மிகத் தளர்ந்த நிலைக்கும் மிக நெருங்கிய நிலைக்கும் நடுவே களத்து மணல் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுவது. வீடு கட்டும்போது அடித்தளத்துக்குள் மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. மணலுக்கு அது ஓரளவு பலன் தரும். அதே நம்பிக்கையில் களிமண் கலந்த சவுட்டின் மேல் தண்ணீரைத் திறந்துவிடுகிறவர்கள், இறுக வேண்டிய மண்ணைச் சேறாக்குகிறார்கள். பிறகு தரை ஓடுகள் உள்வாங்குவதற்கு ஓடு ஒட்டியவரைத் திட்டுவதில் நியாயமில்லை.

பள்ளிக்கரணை போன்ற சதுப்புப் பகுதியில் சாலை மேட்டை எவ்வளவு நன்றாக இறுக்கினாலும், அடியில் இருக்கும் மென்களி நீரை இழந்து மெல்ல அமுங்குவதை அது தடுக்காது. அதற்கான சோதனைகளும் தீர்வுகளும் வேறு.

சென்னைவாசிகள் நாள்தோறும் அனுபவிக்கும் இறுக்கப் பிரச்சினை சாலை வெட்டுதான். குடிநீர், கழிவுநீர், மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி என்று எதற்காகவோ தோண்டிய பள்ளத்தை மூடுகிறார்கள். முதல் பெருமழையில் அது நீளமான வாய்க்காலாக உள்வாங்குகிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒன்றரை மீட்டர் ஆழப் பள்ளத்தில் தோண்டிய மண்ணையே ஒரேயடியாகத் தள்ளி, மேலே ரோலரை ஓட்டினால் இறுகுவது மேல் பகுதி மட்டும். ஆய்வகத்தில் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிப்பது சடங்குக்காக அல்ல. இடியின் ஆற்றல் ஆழம் போகப் போகத் தேய்ந்துவிடும் என்பதற்காக. குறுகிய பள்ளத்துக்குள் பெரிய ரோலர் இறங்காது. அதிர்தட்டு இறுக்கியோ, குதித்து இடிக்கும் சிறு இயந்திரமோ கொண்டு, 15 செ.மீ. அளவிலான மெல்லிய அடுக்குகளாகத்தான் மூட வேண்டும். நடு அடுக்கு ஒன்றிலாவது மணல் மாற்று முறையில் அடர்த்தி பார்க்க வேண்டும். சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழிக்குள் அளந்த மணலை ஊற்றிக் கொள்ளளவு காணும் இந்தச் சோதனைக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. இந்த வேலை நடக்கும் தெருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. செலவு அதிகம் என்ற காரணம் ஏற்கத்தக்கதல்ல. அதே பள்ளத்தை மூன்றாவது முறை ஒட்டுப்போடும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

இறுக்கிய மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை சி.பி.ஆர். (கலிஃபோர்னியா தாங்குதிறன் விகிதம்) சோதனை சொல்கிறது. 150 மி.மீ. அச்சில் இறுக்கிய மண்ணை நான்கு நாள் தண்ணீரில் மூழ்க வைத்து, 50 மி.மீ. விட்டமுள்ள உருளைத்தண்டை நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் அழுத்துவது அதன் முறை. 1920களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் பிறந்தது. சாலையின் தடிமனை முடிவுசெய்வதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. நவம்பரில் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும் ஊருக்கு, ஊறவைக்காத மாதிரியின் எண்ணை வைத்துத் தடிமன் கணக்கிடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

மண்ணுக்கு மேலே தார்க்கலவை. இங்கே நெடுங்காலமாக ஆட்சி செய்வது மார்ஷல் முறை. மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் இருந்த புரூஸ் மார்ஷல் 1939 வாக்கில் வகுத்த இதையும் அமெரிக்க ராணுவப் பொறியாளர்களே வளர்த்தெடுத்தனர். சுமார் 1200 கிராம் சூடான கலவையை 101.6 மி.மீ. விட்டமுள்ள அச்சில் போட்டு, 4.54 கிலோ சுத்தியலால் 457 மி.மீ. உயரத்திலிருந்து இடிப்பார்கள். கனரகப் போக்குவரத்துச் சாலைகளுக்கு மேல்முகத்தில் 75 இடி, கவிழ்த்து அடிமுகத்தில் 75 இடி. சுமார் 63.5 மி.மீ. உயர வட்டாக அது வெளிவரும். ஒரு நுணுக்கம்: மண் அச்சுக்குக் கான்கிரீட் அடித்தளம் கேட்கும் அதே உலகம், மார்ஷல் அச்சுக்குக் குறிப்பிட்ட அளவுள்ள மரத்தூணும் அதன் மேல் எஃகுத் தகடும் கேட்கிறது. மரத்தின் அதிர்வையும் சேர்த்தே 75 என்ற எண் நிர்ணயிக்கப்பட்டது. 'கான்கிரீட்தான் உறுதி' என்று தூணை மாற்றினால் சோதனையே மாறிவிடும். வட்டு தயாரானதும் 60 டிகிரி நீரில் வைத்து எடுத்து நசுக்கி, எவ்வளவு சுமை தாங்கியது, எவ்வளவு நெளிந்தது என்று பார்ப்பார்கள். நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002இல் கழிவு பிளாஸ்டிக் பூசிய ஜல்லியால் சாலை போட்டபோதும் சரி, பின்னர் அந்த முறை நாடு முழுவதும் பரவியபோதும் சரி, புதுக் கலவைகள் கடக்க வேண்டியிருந்த முதல் வாசல் இந்த மார்ஷல் வட்டுதான்.

மார்ஷலின் குறை அதன் இடியிலேயே இருக்கிறது. சாலையில் ரோலர் இடிப்பதில்லை. உருண்டு, அழுத்தி, பிசைகிறது. லாரிச் சக்கரமும் அப்படித்தான். சுத்தியல் இடியில் சில ஜல்லிகள் நொறுங்குகின்றன. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விதமும் களத்தில் நடப்பதிலிருந்து வேறுபடுகிறது. இதைச் சரிசெய்ய வந்தது சுழல் இறுக்கி. அதன் வேர்கள் டெக்சாஸில் 1930களின் இறுதி வரை போகின்றன. 1987இல் தொடங்கிய அமெரிக்கச் சாலை ஆராய்ச்சித் திட்டம் அதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தது. 150 மி.மீ. அச்சில் உள்ள கலவையை 600 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு, அச்சை ஒரு டிகிரிக்குச் சற்றே அதிகமாகச் சாய்த்து, நிமிடத்துக்கு 30 சுற்றுகளாகச் சுழற்றும். ஜல்லிகள் உடையாமல் புரண்டு தமக்கான இடத்தைத் தேடி உட்காரும். இந்தக் கருவியில் என்னை மிகவும் ஈர்ப்பது, ஒவ்வொரு சுற்றிலும் மாதிரியின் உயரத்தை அது பதிவதுதான். மார்ஷல் வட்டு முடிவை மட்டும் சொல்கிறது; சுழல் இறுக்கி வந்த வழியையும் சொல்கிறது. முதல் சில சுற்றுகளிலேயே சட்டென்று இறுகிவிடும் கலவை ரோலருக்கடியில் நழுவக்கூடியது. பல சுற்றுகளுக்குப் பிறகும் இறுகிக்கொண்டே போகும் கலவை, பஸ் நிறுத்தங்களில் சக்கரத் தடமாகப் பள்ளம் விழக்கூடியது. தடம் பள்ளமாவதை நேரடியாகச் சோதிக்க, உருளையால் அழுத்திச் சதுரப் பலகைகளாக மாதிரி செய்யும் இறுக்கிகளும் உண்டு. இவை விலை உயர்ந்தவை. சென்னையில் பெரிய கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் வெளியே இவற்றைக் காண்பது கடினம். சாலைப் பணி நடக்கும் இடத்தின் தற்காலிக ஆய்வகத்தில் இன்னும் மார்ஷல் சுத்தியல்தான் ஒலிக்கிறது.

தார்க்கலவையிலும் அதே வகுக்கும் எண் குழப்பம் உண்டு. ஆய்வகத்தில் 75 இடியில் கலவைக்குள் 3 முதல் 5 சதவீதக் காற்று எஞ்சும்படி வடிவமைக்கிறார்கள். இது சாலை போட்ட அன்றைய நிலை அல்ல. போக்குவரத்து சில ஆண்டுகள் ஓடி அழுத்திய பின் வர வேண்டிய நிலை. ரோலர் வேலை முடித்த இரவில் 7 சதவீதம் அளவில் காற்று இருப்பது இயல்பு. அதைவிட வெகுவாகக் கூடினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீருக்கு வழிவிடும். வழக்கமாகப் பயன்படும் வி.ஜி. 30 என்ற வகைத் தாரில் கலவை 140 டிகிரிக்குக் குறையாமல் விரிக்கப்பட்டு, 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ரோலர் வேலையை முடித்தாக வேண்டும். கலவை ஆலை நகருக்கு வெளியே; லாரி நெரிசலில் நிற்கிறது; விரிப்பதோ 3 செ.மீ. மெல்லிய அடுக்கு, நிமிடங்களில் ஆறிவிடும். ஆறிய கலவையின் மேல் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் மேற்பரப்பு பளபளக்குமே தவிர உள்ளே காற்று அப்படியே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அந்தத் துளைகளில் புகும் நீரை ஒவ்வொரு சக்கரமும் அழுத்தி உள்ளே செலுத்துகிறது. ஜல்லியைப் பற்றியிருந்த தார் உரிகிறது. டிசம்பரில் ஜல்லி தெருவெங்கும் சிதறிக் கிடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத் துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி போதும். அதன் அடர்த்தியை மார்ஷல் வட்டோடு மட்டும் ஒப்பிடாமல், காற்றே இல்லாத கலவையின் உச்ச அடர்த்தியோடும் ஒப்பிட்டு, எஞ்சிய காற்று எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். அந்த எண்ணை எந்தச் சுத்தியலும் மாற்ற முடியாது. கோடையில் போட்ட சாலைகளில் செப்டம்பருக்குள் இந்த மாதிரிகளை எடுத்து, வார்டு வாரியாக முடிவை வெளியிட்டால், மழைக்கு முன்பே எந்தத் தெருவை ஒப்பந்ததாரர் தம் செலவில் திரும்பப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.